ஐந்தாம் தொட்டிக்கு அடித்த மணி

பேய், பிசாசு, செய்வினை எதையும் நம்பாதவன் நான் என்று சொன்னால், இப்படிக் கதை சொல்கிற எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள் என்று நீங்கள் நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். நான் இருபத்திரண்டு வருடமாக மின்துறையில் மீட்டர் பார்க்கிறவன். காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்தில் நான் நுழையாத வீடு இல்லை. ஆளில்லாத வீட்டில் விளக்கு தானாக எரிகிறது, மாமனார் செத்துப்போன அறையில் காற்றாடி தானாகச் சுற்றுகிறது என்று பயந்துபோய் என்னைக் கூப்பிடுவார்கள், போய்ப் பார்த்தால் ஒன்று எலி கடித்த வயராக இருக்கும், இல்லையென்றால் சுவிட்சில் ஈரம் இறங்கியிருக்கும். கரண்ட்டுக்கு ஒரே ஒரு குணம்தான். வழி இருந்தால் போகும், இல்லாவிட்டால் போகாது. என் வாழ்க்கையில் நான் முழுதாக நம்பிய ஒன்று உண்டு என்றால் அதுதான். அதுவே ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் கண்முன்னால் பொய்த்துப்போனது. மூன்று வருடம் ஆகிறது. என் மனைவியிடம்கூட இதை முழுதாகச் சொன்னதில்லை.

எங்கள் எதிர்வீடு சிங்காரம் அண்ணனுடையது. பெரியப்பா மகன், பங்காளி. பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த இந்த ஊர் இந்தியாவோடு சேர்ந்த சமயத்தில், பிரெஞ்சு நேஷனாலிட்டி வேண்டும் என்கிறவர்கள் தவணைக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். பெரியப்பா மறுநாளே போய் எழுதிக் கொடுத்துவிட்டார். என் அப்பா அறுவடை முடியட்டும், பார்ப்போம் என்றார். அறுவடையும் முடிந்தது, தவணையும் முடிந்தது. அதனால்தான் அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து நாலு தேசம் பார்த்துவிட்டுப் பென்ஷனோடு வந்து மாடி கட்டினார், கார் வாங்கினார், நான் சைக்கிளில் போய் அந்த மாடி வீட்டு மீட்டரையும் மாதாமாதம் எழுதிக்கொண்டு வந்தேன். எனக்குப் பொறாமை இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதை மறைத்தால் மற்றது எதுவும் உங்களுக்குப் புரியாது.

எனக்கு இருந்த ஒரே ஆறுதல் என் மகள் கவிதா. அண்ணன் மகள் மாலதியும் அவளும் ஒரே வயது, ஒரே வகுப்பு. கவிதா எப்போதும் முதல், மாலதி நடுவில் எங்கேயோ இருப்பாள். பரீட்சை முடிவு வருகிற அன்றைக்கு மட்டும் நான் எதிர்வீட்டுக்குத் தலை நிமிர்ந்து போவேன். அண்ணன், "நம்ம கவிதா ராங்க் வாங்குனது எனக்கே வாங்குன மாதிரி இருக்கு தம்பி" என்பார். அவர் அதை மனசாரச் சொன்னதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

எண்பத்தாறு கோடைக்கு முன்னால் அண்ணன் பிரான்சுக்குப் போய்வந்தபோது ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். தட்டச்சு மிஷின் மாதிரி இருக்கும், டிவியில் மாட்டிக்கொள்ள வேண்டும், டேப் ரெக்கார்டரில் கேசட் போட்டால் அதிலிருந்து கட்டளைகளை எடுத்துக்கொள்ளும். கூடவே ஆந்தூரியம் என்கிற சிவப்புப் பூச்செடியின் மேல் ஒரு பைத்தியமும் கொண்டுவந்தார். அந்தச் செடிக்கு எந்நேரமும் ஈரக் காற்று வேண்டுமாம். கொல்லையில் இரும்புக் குழாய் வளைத்து, கனமான பிளாஸ்டிக் தாள் போர்த்தி ஒரு கொட்டகை போட்டார். உள்ளே போனால் இரண்டு நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். பஸ் நிறுத்தம் டீக்கடை பாய் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உங்க அண்ணன் நம்மூரு வெயில் பத்தாதுன்னு புடிச்சு அடைச்சு வச்சிருக்காராமே, கொஞ்சம் நமக்கும் குடுக்கச் சொல்லுங்களேன்" என்பார். நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பேன்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. மாலதி அந்தக் கம்ப்யூட்டரோடு வந்த பிரெஞ்சுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, யாரும் சொல்லிக் கொடுக்காமல், தானாகவே ஒரு ப்ரோக்ராம் எழுதிவிட்டாள். தீப்பெட்டியை அச்சாக வைத்துப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் பன்னிரண்டு கட்டி வார்த்தாள். ஒவ்வொரு கட்டிக்குள்ளும் இரண்டு கம்பி. ஒரு தொட்டிக்கு ஒன்று வீதம் வேருக்குப் பக்கத்தில் புதைத்தாள். மண் ஈரமாக இருந்தால் கட்டியும் ஈரமாகும், கரண்ட் சுலபமாகப் போகும், டிவியில் அந்தத் தொட்டிக்கு நேராகச் சின்ன நம்பர் வரும். காயக் காய நம்பர் ஏறும். கரண்ட்டுக்குத் தடையே இல்லை என்றால் பூஜ்யம், எலும்பாகக் காய்ந்தால் இருநூற்று ஐம்பத்தைந்து. இருநூறைத் தாண்டினால் வீட்டில் ஒரு மணி அடிக்கும். எந்தத் தொட்டியோ அத்தனை தடவை. மூன்றாம் தொட்டி என்றால் மூன்று அடி, கொஞ்சம் நிறுத்தி மறுபடி மூன்று அடி, யாராவது போய்த் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும்.

கொட்டகைக்கும் வீட்டுக்கும் வயர் இழுத்துக் கொடுத்தது நான்தான். அண்ணன் கேட்டார், மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. வேலை முடிந்து முதல் மணி அடித்தபோது கவிதா கைதட்டிக் குதித்தாள். "அப்பா, செடி கூப்புடுதுப்பா. தாகம்னு சொல்லத் தெரியாததுக்கெல்லாம் மாலதி வாய் குடுத்துட்டாப்பா" என்றாள். என் மகள் வாயால்.

அதற்கப்புறம் ஊரில் வேறு பேச்சு இல்லை. மீட்டர் பார்க்கப் போகிற வீட்டிலெல்லாம், "உங்க அண்ணன் பொண்ணு ஏதோ மிஷின் செஞ்சிருக்காமே" என்று கேட்டார்கள். கவிதாவின் ராங்க்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்தத் திங்கட்கிழமை விவசாய அதிகாரிகள் இரண்டு பேர் கொட்டகையைப் பார்க்க வருகிறார்கள் என்றும், படம் பிடிக்கப்போகிறார்கள் என்றும் அண்ணி வந்து என் மனைவி சரோஜாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை அண்ணன் வீட்டார் காரில் திருநள்ளாறு கிளம்பினார்கள். சரோஜாவையும் கூட்டிப் போனார்கள். கவிதாவும் போவதாகத்தான் இருந்தது, ஆனால் விடியற்காலையிலிருந்து அவளுக்கு வயிற்றுப்போக்கு, இரண்டு தடவை வாந்தியும் எடுத்தாள். கோடையில் எந்த வீட்டில்தான் இல்லை. சரோஜா போகும்போது, "தண்ணி கேட்டா ரொம்பக் குடுத்துடாதீங்க, குடுக்கக் குடுக்கப் போயிட்டேதான் இருக்கும். வயிறு கொஞ்சம் காயட்டும். நான் மூணு மணிக்கெல்லாம் வந்துடுவேன்" என்றாள். எங்கள் பக்கம் அப்படித்தான். எங்கள் வீட்டில் எனக்கும் அப்படித்தான் செய்தார்கள்.

அண்ணன் காரில் ஏறும்போது வீட்டுக்கும் கொட்டகைக்கும் இருந்த மாற்றுச் சாவிகளை என்னிடம் கொடுத்தார். "தம்பி, மணி அடிச்சா மட்டும் போயி அந்தத் தொட்டில ஒரு சொம்பு ஊத்திடு. உன்ன விட்டா நான் யாருகிட்ட குடுப்பேன்."

பன்னிரண்டு மணி இருக்கும். மணி எதுவும் அடிக்கவில்லை. நான் குறடை எடுத்துக்கொண்டு போனேன். எதற்காகப் போகிறேன் என்று எனக்குத் தெரியும், ஏதோ ஒரு வேகத்தில் செய்தேன் என்று சொல்ல மாட்டேன், இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தேன். ஐந்தாம் தொட்டிதான் இருப்பதிலேயே பெரியது, பூ விட்டது, படம் பிடித்தால் அதைத்தான் பிடிப்பார்கள். மண்ணைக் கிளறி, கட்டியை வெளியே எடுத்து, கம்பியை வெட்டினேன். வெட்டி அப்படியே விட்டால் மிஷின் காய்ந்துவிட்டது என்று நினைத்து உடனே மணி அடிக்கும். அதனால் இரண்டு முனையையும் உரித்து ஒன்றோடொன்று இறுக முறுக்கிவிட்டேன். இனி அந்தத் தொட்டிக்குப் பூஜ்யம்தான் வரும். செடி வெந்து கருகினாலும் மிஷின் ஈரமாக இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருக்கும், திங்கட்கிழமை அதிகாரிகள் முன்னால் வாடித் தொங்குகிற செடியையும் பூஜ்யம் காட்டுகிற டிவியையும் வைத்துக்கொண்டு அந்தப் பெண் முழிக்கட்டும் என்று நினைத்தேன். முறுக்கை மண்ணுக்குள் புதைத்து மேலே தட்டிவிட்டு, அண்ணன் வீட்டுக்குள் போய் டிவியைப் பார்த்தேன். ஐந்துக்கு நேராகப் பூஜ்யம். அசையவில்லை. கட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

சட்டை நனைந்திருந்தது. கழற்றிக் கவிதா படுத்திருந்த கட்டிலுக்கு மேலே ஆணியில் மாட்டினேன். கட்டி அந்தப் பையிலேயே இருந்தது. கவிதா கண்ணைத் திறந்தாள்.

"அப்பா, தண்ணி."

"இப்ப வேணாம்மா. குடிச்சா இன்னும் போவும். கொஞ்சம் காயட்டும்."

"ஒரு வாய்ப்பா."

"அம்மா வந்ததும் கஞ்சி குடுப்பா. தூங்கு."

நான் தூங்கு என்றேன், அவள் பிடிவாதம் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், என் மகள் ஒரு தடவை சொல்லிக் கேட்கிறவள் இல்லை. ஆனால் என் மனதில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் திரும்பி வரும்போது நான் எதிரில் நிற்கக் கூடாது, முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். வேறு சட்டை போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, காரைக்காலில் ஏதோ வேலை இருப்பதுபோலச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு வேலையும் இல்லை. கடைத்தெருவை இரண்டு தடவை சுற்றினேன்.

திரும்பும்போது மூன்று மணி ஆகப்போகிறது. தெருமுனையில் திரும்புகிறேன், மணி அடிக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. கொஞ்சம் நின்றது. மறுபடி ஐந்து. தப்பாக எண்ணிவிட்டேன் என்று சைக்கிளை விட்டு இறங்கி, ஒரு காலை ஊன்றியபடி நின்று மறுபடி எண்ணினேன். ஐந்துதான். நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி, முறுக்கிய கம்பியிலிருந்து அந்த மணி அடிக்க முடியாது. அதற்கு வழியே இல்லை. அண்ணன் கார் வாசலில் நின்றது. கண்டுபிடித்துவிட்டார்கள், கம்பியைப் பிரித்துவிட்டார்கள், எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்றுதான் தோன்றியது. என் வீடு அங்கிருந்து முப்பது அடி. நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டேன்.

டீ வாங்கினேன், ஆறிப்போனது. அந்தக் கால்மணி நேரத்தை என்னால் யாருக்கும் கணக்குச் சொல்ல முடியாது. பாய்தான் ரோட்டைப் பார்த்துச் சொன்னார், "என்ன, உங்க அண்ணன் வண்டி இவ்வளவு வேகமா போவுது, உள்ள உங்க வீட்டம்மா அழுதாப்பல இருக்கே."

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கவிதாவுக்கு ஊசி ஏறுகிற நரம்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கண் குழி விழுந்து, உதடு வெடித்து, கையில் தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. டாக்டர் என்னிடம், "தண்ணி குடுத்தீங்களா?" என்று கேட்டார். "இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றார்.

எப்படித் தெரிந்தது என்று சரோஜாதான் வராந்தாவில் சொன்னாள். வந்து இறங்கும்போதே மணி அடித்துக்கொண்டிருந்ததாம். சரோஜா அண்ணியோடு காரிலிருந்து பிரசாதப் பை, பூ எல்லாம் எடுத்துக்கொண்டிருந்தாளாம். மாலதி கொட்டகைக்கு ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்திருக்கிறாள், ஐந்தாம் தொட்டியில் மண் சொதசொதவென்று ஈரம். சித்தப்பா தண்ணீர் ஊற்றினாரா, எப்போது ஊற்றினார் என்று கேட்பதற்காக எங்கள் வீட்டுக் கதவைத் திறந்திருக்கிறாள். "அவ மட்டும் அப்ப வரலன்னா" என்று ஆரம்பித்து சரோஜா அழுதாள். "நான் பாட்டுக்கு அண்ணிகிட்ட பேசிக்கிட்டே நின்னிருப்பேங்க." அண்ணன் என் தோளைத் தொட்டு, "ஒண்ணும் ஆவாதுடா" என்றார். என் கையில் இன்னும் கொட்டகைச் சாவி இருந்தது.

மறுநாள் காலை துணி எடுத்துவர வீட்டுக்கு வந்தேன். மாலதி வாசலிலேயே நின்றிருந்தாள், ராத்திரி தூங்கின முகமாக இல்லை.

"கவிதா எப்புடி இருக்கா சித்தப்பா?"

"கண்ண முழிச்சிட்டா. உன்னத்தான் கேட்டா."

"கொஞ்சம் உள்ள வாங்களேன். என் ப்ரோக்ராம்ல ஏதோ கோளாறு, அப்பாவுக்குச் சொன்னா புரியாது."

அவள் ப்ரோக்ராம் மணிக்கு மணி நம்பரை நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு விசையைத் தட்டினாள், ஐந்தாம் தொட்டியின் நம்பர்கள் வரிசையாக வந்தன. பகல் பன்னிரண்டு, பூஜ்யம். ஒரு மணி, எழுபது. இரண்டு மணி, இருநூற்றுப் பத்து. மூன்று மணி, இருநூற்று நாற்பத்தெட்டு. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தது. ராத்திரி ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் மட்டும் இறங்காமல் அப்படியே நின்று, பிறகு மறுபடி இறங்கியிருந்தது.

"மணிய மட்டும் அம்மா நிறுத்திட்டாங்க. தொட்டிய யாரும் தொடல" என்றாள் மாலதி. "எதுக்கு ஏறுச்சு, எதுக்கு எறங்குதுன்னு தெரியல. ஒம்பது மணிக்கு ஏன் நின்னுச்சுன்னும் தெரியல."

எனக்குத் தெரியும். ஒன்பது மணிக்கு முதல் பாட்டில் தீர்ந்துபோய், அடுத்த சலைன் பாட்டில் ஸ்டோரிலிருந்து வர ஒரு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு நிமிடமும் நான்தானே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் அறுபத்திரண்டு அறுபத்தொன்று ஆனது.

அவள் காப்பி எடுத்துவரப் போனதும் கொட்டகைக்குப் போய் மண்ணைக் கிளறினேன். என் முறுக்கு அப்படியே இருந்தது, குறடு பதிந்த தடம்கூட மாறவில்லை.

திங்கட்கிழமை அதிகாரிகள் வந்தார்கள், படம் பிடித்தார்கள், ஒரு குறையும் இல்லை. அடுத்த வாரம் மாலதி மண் மாற்றியபோது கம்பியைப் பார்த்திருக்கிறாள். என்னிடம் வந்து, "அஞ்சாம் தொட்டிக் கட்டிய எலி தூக்கிட்டுப் போயிருச்சு சித்தப்பா, வேற வார்த்துட்டேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். எலி கம்பியைக் கடிக்கும், முறுக்காது. அது அவளுக்கும் தெரியும்.

கட்டி என்னிடம்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று ஆணியில் இருந்த சட்டையை எடுத்தேன், பை ஈரமாக இருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அது ஈரமாகத்தான் இருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் யாரும் ஊற்றவில்லை. பழைய பவுடர் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். அக்னி நட்சத்திரத்தில் கிணறே அடி தெரிந்தபோதும் தொட்டால் விரலில் பிசுபிசுத்தது. தினமும் எழுந்ததும் தொட்டுப் பார்ப்பேன், ஈரமாக இருந்தால் என் மகள் நன்றாக இருக்கிறாள் என்று அன்றைய வேலையைப் பார்க்கப் போவேன். கவிதா பாண்டிச்சேரியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். மாலதி பிரான்சுக்குப் போய்விட்டாள், அங்கே கம்ப்யூட்டர் படிப்பு.

போன மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தொட்டேன். காய்ந்திருந்தது. விரலில் வெள்ளையாகப் பொடி ஒட்டியது. சரோஜாவிடம் ஒன்றும் சொல்லாமல் ஓடி முதல் பஸ்ஸைப் பிடித்தேன். பாண்டிச்சேரி போய்ச் சேருகிற வரை நான் வேண்டாத சாமி இல்லை. ஹாஸ்டல் வாசலில் கவிதா கையில் பன்னோடு வந்து நின்றாள். "என்னப்பா, கடுதாசிகூடப் போடாம? எனக்கென்ன, குண்டாயிட்டேன்னு எல்லாரும் கேலி பண்றாளுங்க." நான் அவள் கையைப் பிடித்துத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன். வலிக்குதுப்பா என்றாள். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பஸ்ஸிலும் திரும்பி வந்ததில்லை. கட்டிக்கும் வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அண்ணன் வீட்டில் அழுகுரல் கேட்டது. பிரான்சிலிருந்து போன் வந்திருந்தது. மாலதி தனியாக இருக்கிற அறையில், காய்ச்சலிலும் வாந்தியிலும் எழுந்திருக்க முடியாமல் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து கிடந்திருக்கிறாள். மறுநாள் ராத்திரிதான் பக்கத்து அறைப் பெண் கதவை உடைக்கச் சொல்லியிருக்கிறாள். ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிழைத்துவிட்டாள், சிறுநீரகம் மட்டும் இன்னும் சரியாக வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அது எனக்குத் தெரியும். எதிர்வீட்டில் போன் இருந்தது. முப்பது அடி. அவள் வார்த்த கட்டி, அவளுடையது, அது அவளுக்காகவும் காயும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அண்ணன் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. என் மகளுக்கென்று இருந்த ஒன்றைக்கூட அவள் வாங்கிக்கொண்டாளே என்றுதான் வந்தது. ஒரு நொடிதான், ஆனால் வந்தது.

இப்போது மறுபடி ஈரமாக இருக்கிறது. இன்று காலையும் தொட்டேன். யாரைத் தொட்டேன் என்று தெரியவில்லை.